தலையாட்டாத டீச்சர்

என் மருமகள் கல்யாணமாகி வந்த புதிதில் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்தாளாம். அவள் அடுப்படியில் நின்று நீளமாக ஏதாவது சொல்வாள். நான் அவள் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். தலை மட்டும் அசையாது. "ஒங்க அம்மைக்கு நான் சொல்லுகது ஒண்ணும் பிடிக்கல்லியா?" என்று என் மகனிடம் கேட்டிருக்கிறாள். அவன் சிரித்துவிட்டு, "அம்மை யாருக்கும் தலையாட்ட மாட்டா. கலெக்டர் வந்தாலும் இதே கததான்" என்றிருக்கிறான்.

பிறவியிலேயே நான் அப்படி இல்லை. சொல்லப்போனால் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் தலையாட்டச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவள் நான். சமூகப்பணி முதுகலை முதல் வருடத்தில் கேட்கும் திறன் என்று ஒரு பயிற்சி உண்டு. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைப்போம். ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். கேட்பது என்றால் காதால் மட்டும் அல்ல. உடம்பு கொஞ்சம் முன்னால் சாய வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், இடையிடையே தலையசைக்க வேண்டும். 'நீ சொல்வது எனக்குப் புரிகிறது, மேலே சொல்' என்பதற்கு உலகம் முழுக்க அதுதான் அடையாளம் என்று பாடப்புத்தகம் சொன்னது. நானும் சொன்னேன். பெஞ்சுகளுக்கு இடையே நடந்துகொண்டே, "ஆட்டு மக்கா, ஆட்டு. கோயில் யானை மாதிரி இல்ல, மெதுவா, மெதுவா" என்று விரட்டுவேன். என்னிடம் படித்துப் போனவர்கள் எந்த ஊரில் எந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாலும் அழகாகத் தலையாட்டுவார்கள். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அகதிகள் மனநலம் என்பது நான் தேடிப் போன துறை என்று இப்போது மேடைகளில் அறிமுகம் செய்கிறார்கள். தேடியும் போகவில்லை, தவமும் இருக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் துறைக் கூட்டத்தில், இலங்கைத் தமிழர் முகாமுக்குக் களப்பணிக்கு மாணவர்களை யார் கூட்டிக்கொண்டு போவது என்று கேட்டார்கள். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். மூத்த ஆசிரியர் ஒருவர், "பெண்பிள்ளையளுக்கு அது சரிப்படாது" என்றார். அவர் வாயை மூடுவதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். வீம்பு, வேறொன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது என் அம்மா புட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "அவியளுக்கு வேண்டியது சோறும் வீடும். நீ போயி மனச என்ன செய்யப் போற?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எனக்கு ரொம்ப காலம் பிடித்தது.

குழித்துறையிலிருந்து அருமனை போகும் வழியில் இறங்கி, ரப்பர் தோட்டத்துக்கு ஊடே நடந்தால் அந்த முகாம் வரும். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள், நடுவில் தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பலாமரம். அங்கிருக்கும் ஆண்களில் பாதிப்பேருக்கு மேல் பெயிண்டர்கள். வளைகுடாப் பணத்தில் எங்கள் மாவட்டத்தில் எழுந்த மாளிகைகள் எல்லாவற்றிலும் அவர்கள் கை பட்டிருக்கிறது. மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் ஊருக்கெல்லாம் பூசிவிட்டு, சாயங்காலம் சுண்ணாம்பு உதிரும் சுவருக்குத் திரும்பி வருவார்கள். இதைப் பார்த்து முதல் வாரம் எனக்கு அழுகை வந்தது. இரண்டாவது வாரம் கோபம் வந்தது. கோபம்தான் எனக்கு ஒத்துவரும், அதை வைத்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தேன்.

ஆரம்பத்தில் யாரும் எங்களை உள்ளே விடவில்லை. வாசலில் நிறுத்தி, "சுகமா இருக்கிறம் மிஸ்" என்று கதவை மெதுவாகச் சாத்துவார்கள். உதவி பெறுகிறவர்களிடம் எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று எங்கள் தொழிலில் ஒரு விதி. அவர்கள் கொடுத்த பால் சேர்க்காத தேநீரை என் பிள்ளைகள் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துக்கொண்டிருந்தார்கள். தேநீரை மறுக்கிறவளிடம் மனதை எப்படிக் கொடுப்பார்கள்? ஒரு நாள் வெயிலில் எனக்குத் தலை சுற்றியது. கொடுத்த தேநீரை வாங்கி, அவர்கள் குடிக்கிற மாதிரியே சர்க்கரையை உள்ளங்கையில் வைத்து நக்கிக் குடித்தேன். மறுநாள் நான்கு வீடுகளில் கூப்பிட்டார்கள். விதியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து என் மாணவிகளுக்கு நான் முதலில் சொல்வது, "கொடுத்தத குடிங்கட்டி" என்பதுதான்.

அதற்குப் பிறகு நல்ல காலம். பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பலாமரத்தடியில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். தூக்கம் வராதவர்கள், காரணமில்லாமல் பிள்ளையை அடிப்பவர்கள், கடல் பக்கமே போகாதவர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். மனநல மருத்துவர் ஒருவர் மாதம் தவறாமல் வர ஏற்பாடு செய்தோம். ஒரு வருடம் முழுவதும் அந்த முகாமில் யாரும் உயிரை மாய்த்துக்கொள்ளவில்லை என்று தெரிந்த நாளில், கல்லூரி கேன்டீனில் இருந்த எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக்கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். வாய் நிறைய பழம்பொரியை வைத்துக்கொண்டு சிரித்தேன். மற்ற முகாம்களிலும் எங்களைக் கூப்பிட்டார்கள், வெளிநாட்டுக் கருத்தரங்குகளுக்கும் கூப்பிட்டார்கள். நான் இந்தத் துறையில் கரை கண்டவள் என்று எனக்கே ஒரு எண்ணம் வந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் அந்தப் பெயிண்டரின் மனைவி என்னைத் தேடி வந்தாள்.

அவரை எனக்குத் தெரியும். முகாமிலேயே கைசுத்தமான வேலைக்காரர். ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேச மாட்டார். சாரத்தில் ஏறினால் ஒரு சொட்டு கீழே விழாது. குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் பெரிய வீட்டுக்காரர்கள் அவருக்காகக் காத்திருந்து கிரகப்பிரவேசத் தேதி வைப்பார்கள். அவர் இப்போது வேலைக்குப் போவதைக் குறைத்துவிட்டார் என்றும், முக்கியமாக செக்கிங் நாளில் வீட்டிலிருந்து மாயமாகிவிடுகிறார் என்றும் மனைவி சொன்னாள்.

செக்கிங் என்பதை வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும். முகாமில் பதிவான ஒவ்வொருவரும் இருக்கிறார்களா என்று அதிகாரிகள் குறித்த நாட்களில் வந்து பார்ப்பார்கள். எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொருவராக மேசைக்கு முன்னால் போக வேண்டும். புகைப்படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒரு குறி போடுவார்கள். தொடர்ந்து வராதவர் முகாமை விட்டுப் போய்விட்டார் என்று பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் அந்த மனிதர் முகாமில் இருக்க முடியாது. வேறு எங்கும் இருக்கவும் அவருக்குத் தாள் கிடையாது. மனைவியும் பிளஸ் டூ படிக்கும் மகளும் உள்ளே, அவர் வெளியே என்று ஆகிவிடும். மறுபடி பெயரைச் சேர்க்க எத்தனை படி ஏற வேண்டும் என்பது ஏறியவர்களுக்குத்தான் தெரியும்.

"இவ்வளவு வருசமும் ஒழுங்காப் போய் நிண்டவர் மிஸ். இப்ப கொஞ்ச நாளா அந்த நாள் வந்தா காலமை எழும்பி எங்கயோ போயிடுறார். ஏன் எண்டு கேட்டா வாய் திறக்கிறார் இல்லை" என்றாள் அவள்.

முகாமுக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருப்பவருக்கு எல்லாக் காரியத்துக்கும் காரணம் தெரியும். "வெள்ளமடிதான் டீச்சரே, வேற என்ன? குடிச்சிட்டு ஆளு அங்ஙன ரப்பர்க் காட்டுக்குள்ள கெடக்கான்" என்றார். இரண்டு நாள் கழித்து அவரே, "ஆஸ்திரேலியாவுக்குப் படகு ஏறப்போறான்னு கேள்வி" என்றார். நான் அவரிடம், "ரப்பர்க் காட்டுக்குள்ள கெடக்கவன் எப்படி ஓய் படகு ஏறுவான்?" என்று கேட்டேன். அன்று எனக்குத் தேநீரில் சர்க்கரை விழவில்லை.

என்னிடம் இருந்ததிலேயே கெட்டிக்காரியான மாணவியை அவரிடம் அனுப்பினேன். அவர் அவளை உட்கார வைத்து, இரண்டு வாக்கியம் பேசி, பாதியில் நிறுத்திச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இன்னொருவனை அனுப்பினேன். அதே கதை. பிறகு நானே போனேன். என் அனுபவம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். அவர், "அந்த வரிசை..." என்று ஆரம்பித்தார். நான் முன்னால் சாய்ந்து, பாடப்புத்தகத்தில் படம் போடலாம் என்கிற அளவுக்கு நயமாகத் தலையாட்டினேன். அவர் முகம் வெளிறிவிட்டது. எழுந்து வீட்டின் பின்பக்கம் போனார். வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. மருத்துவர் வந்து மாத்திரை கொடுத்தார். மாத்திரை அவரைத் தூங்க வைத்தது, வரிசைக்கு அனுப்பவில்லை.

அந்த மாதம் நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். என் கணவர் வீட்டில் கூடப் பூனை நடையில் நடந்தார். முகாமைப் பார்க்கும் அதிகாரி பணிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத இளைஞர். நாஞ்சில் நாட்டு வயற்காட்டுப் பக்கம் ஒரு சைவக் குடும்பம், நெற்றியில் திருநீறு அழியாது. நல்ல மனிதர்தான். அவரும் என்னிடம் சொல்லிவிட்டார்: "டீச்சர், நான் ரெண்டு மூணு வாட்டி பொறுத்துட்டேன். அடுத்த செக்கிங்குக்கும் அவரு வரல்லேன்னா எனக்க கையில ஒண்ணும் இல்ல. பேர எடுத்திருவாவ."

அடுத்த செக்கிங்குக்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது, குழித்துறைச் சந்தையைத் தாண்டும் இடத்தில், எவரோ சக்கைப்பழம் தின்றுவிட்டு ரோட்டில் வீசிய மடலில் என் ஸ்கூட்டர் சறுக்கியது. மனிதர்கள் அடிபடுவதற்கு எவ்வளவோ கம்பீரமான காரணங்கள் இருக்கின்றன. எனக்குக் கிடைத்தது பலாப்பழத் தோல். கோட்டாற்றில் எலும்பு மருத்துவர் கழுத்துக்குப் பட்டை போட்டுவிட்டு, தான் சொல்கிறவரை கழற்றக் கூடாது, தலையைத் திருப்பவோ ஆட்டவோ கூடாது என்றார். மகன் வீட்டில் படு என்றான். எனக்குப் படுக்கை கொள்ளவில்லை. மறுநாளே ஆட்டோ பிடித்து முகாமுக்குப் போனேன்.

பெயிண்டர் வாசலில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கழுத்துப் பட்டையையே உற்றுப் பார்த்தார்.

"உங்கட கழுத்துக்கு என்ன நடந்தது மிஸ்?"

சக்கை மடல் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"தலையைத் திருப்ப ஏலாதோ?"

"ஏலாது."

"ஆட்டவும் ஏலாதோ?"

"ஏலாது. டாக்டர் கொன்னே போடுவார்."

அவர் பிரஷைக் கீழே வைத்தார். உள்ளேயிருந்து நாற்காலியைக் கொண்டுவந்து துடைத்துப் போட்டார். "அப்ப இருங்கோ" என்று சொல்லிவிட்டு எனக்கு எதிரே படியில் உட்கார்ந்தார். பேசத் தொடங்கினார்.

"எங்கட ஊரில ரவுண்டப் எண்டு சொல்லுவினம். விடியக்காலமை ஆமி வந்து ஊரில இருக்கிற ஆம்பிளையள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோகும். வரிசையில நிக்கோணும். முன்னால ஒரு ஜீப். அதுக்குள்ள காட்டிக்குடுக்கிற ஒருத்தன் இருப்பான். தலையில சாக்கு, கண்ணுக்கு மட்டும் ரெண்டு ஓட்டை. ஒவ்வொருத்தரா அவனுக்கு முன்னால போய் நிக்கோணும். அவன் தலையை ஆட்டினா ஒரு பக்கமா இழுத்துக்கொண்டு போவாங்கள். ஆட்டாட்டி வீட்டை போகலாம். அவ்வளவுதான் மிஸ். ஒருத்தரும் ஒரு கதை கதைக்கிறதில்லை. ஆர் நீ, ஆரின்ர பிள்ளை எண்டு கேக்கிறதில்லை. பேர்கூடக் கேக்கேல்ல."

என்னால் 'ம்' என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"அண்ணன் எனக்கு முன்னால நிண்டவர். அவர் போய் நிண்டார். சாக்கு ஆடினது. இழுத்துக்கொண்டு போனாங்கள். பிறகு நான் போய் நிண்டன். ஆடேல்ல." கையில் காய்ந்திருந்த பெயிண்டைச் சுரண்டினார். "எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே முகம் மிஸ். ஊரில மாறிக் கூப்பிடுவினம். அண்ணனுக்கு ஆடின தலை எனக்கு ஏன் ஆடேல்ல எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. அண்ணன் திரும்பி வரேல்ல."

என் தலை தன்னால் அசையப் பார்த்தது. இத்தனை வருடப் பழக்கம், கேட்டால் ஆட வேண்டும் என்று அதற்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கழுத்துப் பட்டை மோவாயைத் தடுத்துப் பிடித்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. சுத்தியலால் மண்டையில் அடித்த மாதிரி விளங்கியது. கெட்டிக்கார மாணவி, அடுத்துப் போன பையன், பிறகு நான். நாங்கள் எல்லோரும் அந்த மனிதர் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் எதிரில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறோம்.

"இவ்வளவு வருசமும் செக்கிங்குக்குப் போனீங்களே?" என்று கேட்டேன்.

"அது பழைய ஐயா. அவர் முகத்தைப் பாக்க மாட்டார். பேரைக் கத்துவார், குறி போடுவார், அடுத்தது எண்டுவார். ஒரு பயமும் இல்லை. இப்ப வந்திருக்கிறவர் தங்கமான மனுசன். வாங்கோ எண்டு சிரிப்பார். படத்தைப் பாப்பார், முகத்தைப் பாப்பார். பிறகு..." என்று நிறுத்தினார். "அவரில ஒரு பிழையும் இல்லை மிஸ். மரியாதைக்குத்தான் ஆட்டுறார். எனக்கு விளங்குது. காலுக்குத்தான் விளங்குதில்லை. அந்த மேசைக்கு முன்னால போக மாட்டன் எண்டு நிக்குது."

திரைக்குப் பின்னால் அவர் மனைவி நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவளும் இதை முதல் தடவையாகக் கேட்கிறாள். தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தாள். எனக்குக் கொடுத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்தாள். மூன்று பேரும் அழுதோம். நான் கண்ணைத் துடைக்கக் குனிய முடியாமல், கண்ணீர் பட்டைக்குள் இறங்கி அரித்தது. அதைச் சொன்னபோது அவர் சிரித்தார்.

இதை அதிகாரியிடம் நான் சொல்லலாமா என்று கேட்டேன்.  "சொல்லுங்கோ. எனக்கு ஒண்டே ஒண்டுதான் வேணும். அவர் என்னைப் பாத்து ஏதும் செய்ய முதல், நான் என்ர வாயால என்ர பேரைச் சொல்லோணும். அதுக்கு விடுவாரோ எண்டு கேளுங்கோ" என்றார்.

அதிகாரியின் அறைக்குப் போனேன். நான் சொல்லச் சொல்ல அவர் அக்கறையாகக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். விஷயம் எங்கே போகிறது என்று புரிந்த இடத்தில் தலை அப்படியே நின்றது. முகம் சிவந்துவிட்டது.

"நான் மரியாதைக்குல்லா டீச்சர் ஆட்டுனேன்? பெரியவங்க முன்னால வந்து நின்னா தலையாட்டிப் பேசணும்னு சின்ன வயசுலேருந்து எங்க வீட்டுல சொல்லித்தந்தது."

"ஒங்க வீட்டுலயாவது இலவசமா சொல்லித் தந்தாவ. நான் சம்பளம் வாங்கிட்டு சொல்லிக்கொடுத்தேன். அதுக்கு என்ன சொல்லுகீரு?" என்றேன்.

அவர் மேசை மேல் இருந்த தண்ணீரைக் குடித்தார். "அவரு பேர அவரே சொல்லட்டும். அதுக்கு எந்தச் சட்டமும் தடையில்ல" என்றார். சொல்லும்போதே தலை ஆடியது. நான் விரலை நீட்டினேன். "ஐயோ" என்று இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், ஒரு நாளில் போகுமா? அந்த அறையிலேயே ஒத்திகை நடந்தது. நான் வரிசையில் வருகிற ஆள், அவர் அதிகாரி. பேரைச் சொல்வேன், அவர் ஆட்டிவிடுவார், நான் திட்டுவேன். கடைசியில் முழங்கையை மேசையில் ஊன்றி, மோவாயைக் கைமுட்டியில் வைத்துக்கொண்டால் தலை நிற்கிறது என்று கண்டுபிடித்தோம். வாசலில் நின்ற ஊழியர் எங்கள் இருவருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்திருப்பார்.

செக்கிங் நாள் காலையில் பலாமரத்தடியில் மேசை போட்டார்கள். வரிசை தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நீண்டு நின்றது. நான் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன். வரிசை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. என்னால் திரும்பிப் பார்க்க முடியாது. அந்தக் காலையில் நான் பட்ட பாடு எந்த மேடையிலும் பட்டதில்லை. அதிகாரி மோவாயைக் கையில் ஊன்றிக்கொண்டு ஒவ்வொருவரையும் பார்த்தார், "சரிங்க அண்ணாச்சி", "சரிங்க அக்கா" என்று வாயால் சொல்லி அனுப்பினார். இந்த ஐயாவுக்குப் பல்வலி என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பெயிண்டரின் மனைவி வந்தாள். மகள் வந்தாள். அவர் வரவில்லை.

மகள் என் எதிரே வந்து நின்றாள். அவள் கண்ணைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் நடப்பதை அவள் கண்ணில்தான் எனக்குப் பார்க்கக் கிடைத்தது. வரிசையில் கடைசியாக நின்ற ஆளும் என்னைத் தாண்டிப் போனார். அதிகாரி என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "கொஞ்சம் பாப்போம் டீச்சர்" என்றார். பேனாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டார். தேநீர்க் கடைக்காரர்கூட ரோட்டைத் தாண்டி வந்து நின்றுகொண்டிருந்தார்.

அப்போது அந்தப் பெண்ணின் முகம் மாறியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல் வந்தது, ஒரு இடத்தில் நின்றது, மறுபடி வந்தது.

பெயிண்டர் என்னைத் தாண்டி வந்தார், வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சட்டை முழுக்க வியர்வை. மேசைக்குக் கொஞ்சம் முன்னால் அவர் கால் நின்றுவிட்டது. அதிகாரி அசையவில்லை. மோவாய் கைமுட்டியிலேயே இருந்தது.  பெயிண்டர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு தன் பெயரைச் சொன்னார். தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னார். தகப்பன் பெயரைச் சொன்னார். ஊர்ப் பெயரைச் சொன்னார். முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. ஒரு அடி முன்னால் வந்து, மேசையில் கை வைத்து, இன்னொரு பெயரையும் சொன்னார். "இவற்ற தம்பி நான்" என்றார். "எழுதிக்கொள்ளுங்கோ."

அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். தலை ஆடவில்லை. நின்றபடியே குனிந்து எழுதினார். எனக்கு ஜெயித்துவிட்டோம் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தியும் விட்டேன் என்று பிறகு மாணவிகள் சொன்னார்கள். மகள் ஓடிவந்து அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மனைவி மரத்தில் சாய்ந்து நின்று சிரித்தாள், அழுதாள்.

அப்போதுதான், முதலிலேயே குறி போட்டு வீட்டுக்குப் போயிருந்த ஒரு வயதான அம்மா, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு திரும்பி வந்து மேசைக்கு முன்னால் நின்றார். தன் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்த மகனின் பெயரைச் சொன்னார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கலைந்துபோன வரிசை மறுபடி தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நீண்டுகொண்டே போனது.

அதிகாரி திகைத்துப் போனார். "அம்மா, ஒங்க எல்லாருக்கும் குறி போட்டாச்சுலா? இப்படி எல்லாரும் ரெண்டாம் வாட்டி வந்து, இல்லாதவங்க பேரையும் சேத்துச் சொன்னா கணக்கு கூடிப் போவும்லா?" என்றார்.

"கூடினாக் கூடட்டும் ஐயா" என்றார் அந்த அம்மா. "இவ்வளவு நாளும் குறைஞ்சுகொண்டுதானே வந்தது."

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மறுபடி பேனாவைத் திறந்தார்.